கிணற்று நீரில் கலக்கும் வெடிமருந்து... காட்டிக்கொடுக்கும் மின்முனை!

கல் குவாரிகளுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் சேலம், நாமக்கல் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய தண்ணீர்ப் பரிசோதனை

மதிய நேரம். குவாரி மேட்டில் சிவப்புக் கொடி ஏறுகிறது. சங்கு ஊதுகிறது. சாலையில் வரும் வண்டிகளை ஆட்கள் கை காட்டி நிறுத்துகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் 'டம்' என்று ஒரு சத்தம். காலடியில் நிலம் அதிர்கிறது. மரவள்ளித் தோட்டத்தின் மேல் வெள்ளைத் தூசி மெல்ல வந்து படிகிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கரட்டு ஓரமாக நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கருங்கல் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறையை உடைக்கும் குவாரிகள் ஒரு பக்கம். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் சுரங்கங்கள் இன்னொரு பக்கம். தூசியைப் பற்றியும், வீட்டுச் சுவரில் விழும் விரிசலைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால், "குவாரி வந்ததிலிருந்து தண்ணி கெட்டுப் போச்சுங்க" என்பதோடு நின்றுவிடுகிறது. எது கெட்டது, எவ்வளவு கெட்டது, எப்போதிலிருந்து என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. காரணம், வெடிமருந்திலிருந்து தண்ணீருக்கு வரும் முக்கியமான பொருளுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது, குடிக்கும் அளவில் சுவையும் தெரியாது.

அந்தப் பொருளின் பெயர் நைட்ரேட். அதை அளந்து சொல்லக்கூடிய மின்வேதியியல் சென்சார் இன்று கைக்குள் அடங்கும் கருவியாக வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால், குவாரி ஓர விவசாயியின் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

உரமும் அதுதான்... வெடியும் அதுதான்!

பாறை உடைக்கப் பயன்படும் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படைச் சரக்கு அம்மோனியம் நைட்ரேட். பழைய காலத்து நைட்ரோகிளிசரின் தோட்டாக்களுக்கு இந்தியாவில் 2004-ல் தடை வந்தது. இப்போது குவாரியானாலும், கிணறு வெட்டும் வேலையானாலும் நைட்ரேட் வகைத் தோட்டாக்களே புழக்கத்தில் உள்ளன.

உலகின் பல நாடுகளில் அம்மோனியம் நைட்ரேட் ஓர் உரம். அதில் சுமார் 35 சதவீதம் தழைச்சத்து. ஆனால், பெரிய அளவில் குவித்து வைத்தால் அது என்ன செய்யும் என்பதை 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி உலகம் பார்த்தது. லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் இருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த சில நாள்களிலேயே தமிழ்நாட்டிலும் ஒரு பரபரப்பு. கரூரைச் சேர்ந்த இறக்குமதியாளர் ஒருவர் கொண்டுவந்து, 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் சென்னை மணலியில் கிடப்பது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அது அவசரமாக ஏலம் விடப்பட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

இந்தியாவில் 2011-லேயே இது வெடிபொருளாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அம்மோனியம் நைட்ரேட் விதிகள் 2012-ன்படி, எடையில் 45 சதவீதத்துக்கு மேல் இந்தப் பொருள் உள்ள எந்தக் கலவையையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது.

பாறைக்குள் வைத்த மருந்து முழுவதும் வெடித்துத் தீர்ந்துவிட்டால் தண்ணீருக்குப் பெரிய பிரச்னை இல்லை. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. குழியில் தண்ணீர் ஊறியிருந்தால் மருந்தின் ஒரு பகுதி வெடிக்கும் முன்பே கரைகிறது. சில தோட்டாக்கள் வெடிக்காமலே கிடக்கின்றன. நிரப்பும்போது கொஞ்சம் சிந்துகிறது. இப்படி மிஞ்சும் அம்மோனியம் நைட்ரேட் உப்பைப் போல எளிதில் தண்ணீரில் கரையும். மழை பெய்ததும் குவாரிக் குழியில் தேங்கும் நீரில் சேர்ந்து, அங்கிருந்து பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது. குழியில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிட்டால், ஓடை ஓரக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும்.

சேலம், நாமக்கல் பகுதியின் நிலத்தடி அமைப்பையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இது கடும்பாறை பூமி. மேலே சில அடி மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். தண்ணீர் இருப்பது சிதைந்த பாறையிலும் விரிசல்களிலும்தான். மணற்பாங்கான பூமியில் நீர் பரவலாக ஊறும். இங்கே அது விரிசல் போகும் திசையில் போகும். அதனால்தான் குவாரிக்கு நூறு அடி தூரத்தில் இருக்கும் கிணறு நன்றாக இருக்க, கால் மைல் தள்ளி இருக்கும் போர்வெல் கெட்டுப்போகலாம். இந்தியா முழுக்க ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொந்தத் தோட்டத்தின் பங்கு எவ்வளவு?

இந்த விஷயத்தில் குவாரியை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 'வேறு வழியில்லை என்றால் இதுவரை பரவாயில்லை' என்ற தளர்வு அளவு நைட்ரேட்டுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஒரு கிலோ அம்மோனியம் நைட்ரேட் வெடிக்காமல் கரைந்தால், அதிலிருந்து சுமார் 775 கிராம் நைட்ரேட் தண்ணீரில் சேரும். நைட்ரேட்டே இல்லாத சுமார் 17,000 லிட்டர் நீரை 45 மில்லிகிராம் என்ற எல்லைக்குக் கொண்டுவர இது போதும். அம்மோனியம் பாதியும் பிறகு மண்ணில் நைட்ரேட்டாக மாறினால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

இனி 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 20.7 கிலோ தழைச்சத்து. பயிர் எடுக்காமல் அத்தனையும் நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கினால், சுமார் 20 லட்சம் லிட்டர் நீர் அதே எல்லையைத் தொடும். முழு மூட்டையும் வீணாவதில்லை. ஆனால், பயிர் எடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பகுதி கிணற்றுக்குத்தான் வருகிறது. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை எருவை மழைக்காலத்தில் திறந்த வெளியில் குவித்து வைப்பது, வீட்டு செப்டிக் டேங்கைக் கிணற்றுக்கு மேட்டில் கட்டுவது ஆகியவற்றிலிருந்தும் அதே நைட்ரேட்தான் இறங்குகிறது.

கிணறு ஆழப்படுத்தும்போது வைக்கும் வெடியையும் மறக்கக் கூடாது. கம்ப்ரசர் வண்டி வைத்துக் குழி போட்டு, தோட்டா இறக்கி வெடித்த கிணறுகள் இந்தப் பகுதியில் ஏராளம். அந்த வேலை முடிந்தவுடன் ஊறிவரும் முதல் தண்ணீரில் நைட்ரேட் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த நீரை முழுவதும் இறைத்து வெளியேற்றி, பரிசோதித்த பிறகே குடிக்க எடுக்க வேண்டும்.

நீலம் பாரித்த குழந்தைகள்

நைட்ரேட் பெரியவர்களுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும் கெடுதல் செய்வதில்லை. அதனாலேயே பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆபத்து அதிகம் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான்.

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீட்டுக் குழந்தைகள் சிலருக்கு உதடும் தோலும் நீலம் பாரித்தன. இதயக் கோளாறு எதுவும் இல்லை. விசாரித்துப் பார்த்ததில், பால் பவுடர் கரைக்கப் பயன்படுத்திய கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தது. தண்ணீரை மாற்றியதும் குழந்தைகள் தேறினார்கள். 'நீலக் குழந்தை நோய்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

குழந்தையின் வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறுகிறது. அது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் தன்மையை மாற்றிவிடுகிறது. ரத்தம் ஓடும், ஆனால் பிராணவாயுவைக் கொண்டுபோகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. புட்டிப்பால் கொடுக்கும் வீட்டில்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஆடு, மாடுகளுக்கும் இதே கதைதான். அசைபோடும் கால்நடைகளின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. கால்நடைத் துறையினர் பரவலாகப் பயன்படுத்தும் அட்டவணையில், குடிதண்ணீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை பயமில்லை. 132 வரை, தீவனத்தில் நைட்ரேட் குறைவாக இருந்தால் சமாளிக்கலாம். 133 முதல் 220 வரை நீண்ட நாள் கொடுத்தால் கெடுதல் வரலாம். 221-க்கு மேல் மாடுகளுக்கு ஆபத்து. வறட்சியில் வாடிய சோளத்தட்டிலும் நைட்ரேட் சேரும். கோடையில் அந்தத் தட்டையும் இந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் கறவை மாடு திடீரென்று விழுகிறது.

சர்க்கரை பார்க்கும் மெஷின் மாதிரிதான்

மின்வேதியியல் சென்சார் என்றால் ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று தோன்றலாம். பல வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் ஒரு மின்வேதியியல் சென்சார்தான். அட்டையில் உள்ள பொருள் சர்க்கரையோடு வினை புரிகிறது. அதில் பிறக்கும் மின்சாரத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

வெடிமருந்துப் பொருள்களை அளப்பதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, நைட்ரேட்டுக்கான மின்முனை. பேனா தடிமனில் இருக்கும் குழாயின் நுனியில் ஒரு மெல்லிய சவ்வு. மற்ற அயனிகளைவிட நைட்ரேட்டை அது அதிகமாக ஏற்கும். வெளியே உள்ள நீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். நைட்ரேட் பத்து மடங்கு கூடினால், 25 டிகிரி வெப்பத்தில் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். இந்தக் கணக்கை வைத்துக் கருவி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, டி.என்.டி. போன்ற வெடிமருந்துகளுக்கு. இவற்றின் மூலக்கூறில் 'நைட்ரோ' என்ற தொகுதி இருக்கிறது. மின்முனைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்தத் தொகுதி மின்னணுக்களை வாங்கிக்கொள்ளும். அப்போது மின்னோட்டத்தில் ஒரு மேடு விழும். டி.என்.டி.யில் மூன்று நைட்ரோ தொகுதிகள் இருப்பதால், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடுகள் வரும். மேடு எந்த இடத்தில் விழுகிறது என்பது பொருளைச் சொல்லும். எவ்வளவு உயரம் என்பது அளவைச் சொல்லும். மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தைப் பார்க்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர் செக் நாட்டு விஞ்ஞானி யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. 1922-ல் அவர் கண்டுபிடித்த முறைக்கு 1959-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கார்பன் மையை அட்டையில் அச்சடித்து, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மின்முனைகள் வந்துவிட்டன. நிலத்தடி நீரிலும் கடல்நீரிலும் வெடிமருந்தைத் தேட இப்படிப்பட்ட சென்சார்களைப் பல நாட்டு ஆய்வகங்கள் உருவாக்கியிருக்கின்றன.

இந்தத் துறைக்கு என்றே தமிழ்நாட்டில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு பொங்கல் சமயத்தில் நிறுவனம் திறக்கப்பட்டது.

கருவி ஏமாற்றும் இடங்கள்

நைட்ரேட் மின்முனை நல்ல கருவிதான். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

முதலாவது, குளோரைடு. உப்புத் தண்ணீரில் குளோரைடு மிகுந்திருக்கும். சவ்வு அதையும் கொஞ்சம் நைட்ரேட்டாக எண்ணிவிடும். கோடையில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும் பகுதிகளில், இல்லாத நைட்ரேட்டைக் கருவி கூட்டிக் காட்ட வாய்ப்பு உண்டு. பெர்குளோரேட் என்ற பொருள் இருந்தால் இதைவிட அதிகமாகவே குழப்பும்.

இரண்டாவது, அளவு சரிபார்த்தல். தராசுக்கு முத்திரை போடுவது போல, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அளவு தெரிந்த இரண்டு நைட்ரேட் கரைசல்களில் மின்முனையை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே முடிவில் சுமார் 4 சதவீதம் பிசகும்.

மூன்றாவது, வெப்பம். வெயிலில் கிடந்த கேனில் உள்ள நீரையும், அறையில் இருக்கும் சரிபார்ப்புக் கரைசலையும் அப்படியே ஒப்பிட்டால் தவறு வரும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே அளக்க வேண்டும்.

ஆகவே, கையடக்கக் கருவி காட்டும் எண் முதல் எச்சரிக்கைதான். எல்லையை நெருங்கும் அல்லது தாண்டும் கிணறுகளின் நீரை ஆய்வகத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

அளந்ததால் விழித்த ஊர்கள்

பெர்குளோரேட் என்றதும் சிவகாசி நினைவுக்கு வரும். பட்டாசில் பயன்படும் இந்த வேதிப்பொருள், தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். ஜப்பானிய, தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் நீர் மாதிரிகள் எடுத்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல், லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவைவிடப் பெர்குளோரேட் அதிகம் இருந்தது. அதிகபட்சமாக ஒரு மாதிரியில் 7,690 மைக்ரோகிராம். மதுரை மாதிரிகளில் ஒன்றுகூட அந்த அளவைத் தாண்டவில்லை. அது பெரிய ஆய்வக இயந்திரத்தில் செய்த ஆய்வு. அந்த ஆய்வுக்கு முன்பு அந்தப் பகுதியில் எவரும் அளந்து வெளியிட்டதில்லை. தோல்வியாதி, வயிற்றுவலி என்று வந்து சொன்னாலும், தண்ணீரில் இது இருக்கிறது என்று சொல்ல எண் இருக்கவில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கார்ன்ஹஸ்கர் என்ற ராணுவ வெடிமருந்து ஆலை இருந்தது. ஆலைக் கழிவிலிருந்து ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து மணலுக்குள் இறங்கி, வேலியைத் தாண்டிச் சோள வயல்களுக்கு அடியில் மைல் கணக்கில் நகர்ந்தது. 1980-களில் வீட்டுக் கிணறுகளைப் பரிசோதித்தபோதுதான் அது தெரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நகராட்சிக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த விவசாயிகளுக்குக் குழாய் வந்தது, தண்ணீரை அளந்த பிறகுதான்.

யாருடைய நைட்ரேட்?

மின்முனை 'எவ்வளவு' என்று சொல்லும். 'யாருடையது' என்று சொல்லாது. உரத்திலிருந்து வந்த நைட்ரேட்டும் தோட்டாவிலிருந்து வந்த நைட்ரேட்டும் ஒரே பொருள். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனால், "உங்க யூரியாதான்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால், பல எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

குவாரிக்கு மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, பள்ளப் பக்கம் இரண்டு கிணறு, தூரத்தில் ஒரு கிணறு என்று எடுக்க வேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் ஒரே மாதிரி உரம் போட்டிருக்க, பள்ளப் பக்கம் மட்டும் எண் கூடினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

நைட்ரேட்டோடு குளோரைடும் பொட்டாசியமும் சேர்ந்து கூடியிருந்தால் எரு அல்லது செப்டிக் டேங்க் பக்கம் சந்தேகம் போக வேண்டும். கோலிஃபார்ம் கிருமியும் இருந்தால் மனித, கால்நடைக் கழிவு கலந்திருக்கிறது என்று பொருள்.

அம்மோனியா கூடுதலாக இருந்தால், அருகில் புதிதாக ஏதோ கலக்கிறது. அது கழிவாகவும் இருக்கலாம், கரைந்த வெடிமருந்தாகவும் இருக்கலாம். கிருமி இல்லாமல் அம்மோனியாவும் நைட்ரேட்டும் மட்டும் கூடுவது, குவாரிக் குழி நீரைச் சோதிக்கக் கேட்பதற்கு நல்ல காரணம்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமானால் நைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்பு ஆய்வு செய்ய வேண்டும். தொழிற்சாலையில் தயாரான நைட்ரேட்டையும் எருவிலிருந்து வந்த நைட்ரேட்டையும் அது பெரும்பாலும் பிரித்துக் காட்டும். அது ஆராய்ச்சி நிலையங்களின் வேலை. தனி விவசாயி செய்ய முடியாது.

மாதிரி எடுப்பது எப்படி?

* சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். உரம், மருந்து, எண்ணெய் இருந்த கேன் கூடவே கூடாது.
* மோட்டாரை 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கிய நீர் கணக்கில் வரக் கூடாது.
* அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும்.
* தேதி, நேரம், கிணற்றின் ஆழம், சர்வே எண், கடைசியாக உரம் போட்ட நாள், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும்.
* நிழலில், முடிந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் நீரில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட் அளவை மாற்றிவிடும்.
* ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்க வேண்டும். கோடையில் மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று. மழைக்குப் பிறகு எண் கூடினால், மேலே கிடந்தது கரைந்து இறங்குகிறது என்று அறியலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ஊராட்சிகளுக்கு வாரியம் கொடுத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியில் நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியா, குளோரைடு ஆகியவற்றைப் பார்க்கும் வசதி உண்டு. அது நிறம் பார்த்துச் சொல்லும் முறை. துல்லியம் குறைவு என்றாலும் முதல் சோதனைக்குப் போதும். பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையும், சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களையும் அணுகலாம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் சேர்ந்து ஒரு நைட்ரேட் மின்முனையும் மீட்டரும் வாங்கி, படித்த இளைஞர் ஒருவரைப் பழக்கிவிட்டால், ஊர்க் கிணறுகள் அனைத்தையும் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் இருக்கும் உரத்தைக் கழித்துவிடுங்கள்

நைட்ரேட் கூடிய தண்ணீர் பயிருக்கு விஷமல்ல. அது இலவச உரம். ஆனால், கணக்கில் எடுக்காவிட்டால் செலவு வீணாகும்.

ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். நைட்ரேட் எண்ணை லட்சம் லிட்டர் கணக்கால் பெருக்கி, 44-ஆல் வகுத்தால் கிடைப்பது கிலோ கணக்கில் தழைச்சத்து. நைட்ரேட் 100 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒருமுறை பாய்ச்சினால் 4.5 கிலோ. பத்துமுறை பாய்ச்சினால் 45 கிலோ. இது இரண்டு மூட்டை யூரியாவுக்கும் மேல். மரவள்ளிக்குத் தழைச்சத்து மிகுந்தால் செடி தழைத்து நிற்கும், கிழங்கு இறங்காது. மரவள்ளி வைத்திருப்பவர்கள் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதனைச் சீட்டைக் காட்டி உர அளவைத் திருத்திக்கொள்வது நல்லது. உரத்தைக் குறைத்தால் பணம் மிஞ்சும். கிணற்றுக்கு இறங்கும் நைட்ரேட்டும் குறையும். அதோடு, "உங்க யூரியாதான்" என்ற பதிலுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லவும் முடியும்.

எண்ணோடு போனால் பேச்சே வேறு

மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், "தண்ணி கெட்டுப் போச்சு" என்று சொன்னால் மனு வாங்கிக்கொள்வார்கள். நான்கு கிணறுகள், இரண்டு பருவம், ஆய்வக முத்திரையோடு எட்டு சீட்டுகள் என்று வைத்தால், கனிமவளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பதில் சொல்லியாக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவை. அதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அதில் உள்ள தண்ணீர் எண்ணையும் உங்கள் கிணற்று எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

புதிதாகக் குவாரி வரப்போகிற ஊருக்கு ஒரு யோசனை. முதல் வெடி வைக்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளைப் பரிசோதித்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'முன்பு எப்படி இருந்தது' என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை. வெடி வைத்த பிறகு அந்தச் சாட்சியை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது.

வாசகர் கேள்விகள்... பதில்கள்!

"குவாரி ஓரத்துக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுக்கிறோம். போதாதா?"

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சுவதில் நைட்ரேட் இன்னும் கூடும். மெழுகுவர்த்தி வடிகட்டி, துணி, படிகாரம் எதுவும் உதவாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு குறைக்கும். அதில் வெளியேறும் கழிவு நீரில் நைட்ரேட் அதிகம் இருக்கும். அதைக் கிணற்றுப் பக்கம் விடாமல் தென்னை, வாழைக்குப் பாய்ச்சுங்கள். புட்டிப்பாலுக்குப் பரிசோதித்த வேறு தண்ணீர் எடுப்பதே நல்லது.

"ஆய்வகச் சீட்டில் நைட்ரேட் 12 என்று இருக்கிறது. பயமில்லையா?"

சீட்டில் 'நைட்ரேட்' என்று இருக்கிறதா, 'நைட்ரேட் வடிவில் நைட்ரஜன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரஜனாக 12 என்றால், 4.43-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 53 வரும். அது எல்லையைத் தாண்டிய தண்ணீர்.

"கோழிகளுக்கு இந்தத் தண்ணீர் கொடுக்கலாமா?"

அசைபோடும் மாடுகளை ஒப்பிட்டால் கோழிகள் நைட்ரேட்டைத் தாங்கும். நைட்ரைட்டைத் தாங்காது. தொட்டியிலும் குழாயிலும் பாசி, அழுக்கு சேர்ந்தால் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். தொட்டியைக் கழுவி வைத்து, இரண்டையும் பரிசோதியுங்கள். எண் கூடுதலாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை கேளுங்கள்.

"கிணற்று வேலையில் மிஞ்சிய தோட்டாவைத் தண்ணீரில் போட்டுவிட்டால் செயலிழந்துவிடும் என்கிறார்களே?"

அப்படிச் செய்யவே கூடாது. மருந்து கரைந்து உங்கள் கிணற்றிலேயே சேரும். வெடிக்காத தோட்டாவையோ கேப்பையோ கையால் தொடாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். உரிமம் உள்ள வெடியாளரையும் காவல் நிலையத்தையும் உடனே கூப்பிடுங்கள்.